சும்மாடு

குற்றப்பத்திரிகையில் அவன் பெயர்
பெரியண்ணன் த/பெ அரசப்பன்.
பெயரைவிட லோரி எண் தெளிவாக இருந்தது.
விபத்து நடந்த இடத்தை விட்டு அகன்றது,
அடிபட்டவருக்கு உதவாதது.
தாப்பா மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்
சுற்றாத காற்றாடிக்குக் கீழே
மலாயில் வாசித்தார்கள், தமிழில் திருப்பிச் சொன்னார்கள்,
இரண்டு தடவையும் தலையாட்டினான்.
நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒத்துக்கொள்ளாதே."
"செஞ்சதுதானே சார்."

ஏழாங்கட்டை வளைவு. லோரியில் எட்டு டன் செம்பனைக் குலை.
மழை விட்ட ஏழேகால் மணி.
எதிரே விளக்கில்லாத மோட்டார் சைக்கிள்.
அதன்மேல் ரஃபிகுல், பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன்,
ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.
யார் யாரை இடித்தது என்பதில்
எனக்கு வாதம் இருக்கிறது.
அதற்குப் பிறகான நாற்பது நிமிடத்துக்குத்தான் இல்லை.

வெள்ளைத்தாள் கொடுத்து நிமிடங்களை எழுதச் சொன்னேன்.
போனில் லைன் இல்லை: மூன்று.
தோட்டத்து மருந்தகம் வரை ஓட்டியது: பன்னிரண்டு.
மருந்தகம் பூட்டியிருந்தது.
பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்புறம்?"
"லோரியிலேயே உக்காந்திருந்தேன்.
செத்திருப்பான்னு நெனச்சேன் சார்.
உதவி தேடிப் போனது பாதி தூரம்தான்.
மீதி ஓடினது."

பாதி தூரம் என்றொரு வாக்குமூலத்தை
நான் எந்தப் பிரிவில் கொண்டுபோய் வைப்பேன்?
விடிவதற்குள் அவனே போலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறான்.
அது இருக்கட்டும்.

இரவு, பணம் மாற்றும் கடைக்கு மேலே என் அறையில்
போலிஸ் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.
நான்காவதில் தார், கண்ணாடித்தூள், ஒற்றைச் செருப்பு,
தலை கிடந்த இடத்தில் ஒரு துண்டு,
சிவப்பெழுத்து போட்ட வெள்ளைத் துண்டு.
அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அரசு வழக்கறிஞர் சிரித்தார்.
"மூணு வெள்ளி. எந்தச் சீனர் கடையிலும் கிடைக்கும்.
இந்த ஊரில் யார் தோளில் இல்லை?"
ஊன்றுகோலோடு வந்த ரஃபிகுலும்
உடைந்த மலாயில் அதற்கு மேல் சொல்லவில்லை:
துணி இருந்தது. வைத்தது யார், தெரியாது. கண் மூடியிருந்தது.

எங்கள் முறை வந்தபோது
கடையில் வாங்கிய புதுத் துண்டைக் கூண்டுக்குள் நீட்டினேன்.
"வழக்கமாக எப்படி மடிப்பாய்?"
அவன் யோசிக்கவில்லை.
நீளவாக்கில் முறுக்கி, வட்டமாகச் சுற்றி,
நுனியை உள்ளே செருகி
கூண்டின் விளிம்பில் வைத்தான்.
பதினாறு வயதிலிருந்து உரமூட்டை தூக்கிய கை.
படத்தில் இருந்ததும் அதே வட்டம், அதே செருகல்.

மஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கினார். இது என்ன?
"சும்மாடுங்க."
மொழிபெயர்ப்பாளர் பாக்கியவதி வாய் திறந்து மூடினார்.
முப்பது வருடத்தில் இந்தச் சொல்
இந்த அறைக்குள் வந்ததில்லை போலும்.
கடைசியில் சொன்னார்:
தலைக்கும் சுமைக்கும் நடுவே
வலிக்காமலிருக்க வைப்பது, துவான்.
சுமை எங்கே, என்று கேட்டார் அவர்.

யாரும் பேசவில்லை.
குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.
மூன்று வாரம் தவணை.

துண்டை வைத்தவனும் இவன், ஓடியவனும் இவன்.
எழுத்து வாதத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்,
எங்கே முடிப்பதென்று தெரியவில்லை.

வெளியே ரஃபிகுல் பஸ்ஸுக்கு நின்றான்.
பெரியண்ணன் அவன் பக்கம் நாலடி வைத்தான்,
பிறகு நின்றுவிட்டான்.
சாட்சியிடம் பேசக்கூடாது என்று
காலையில் எச்சரித்தவன் நான்தான்.
வெயிலில், பதினைந்தடி தள்ளி,
கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.
பஸ் இன்னும் வரவில்லை.
உள்ளே என் அடுத்த வழக்கை அழைத்தார்கள்.
நான் போய்விட்டேன்.